பிறவினை

முனிர்கா, நாலாவது மாடி.
ஜன்னலைத் திறந்தால் எதிர்வீட்டு ஜன்னல்,
கையை நீட்டினால் அவர்கள் சப்பாத்திக் கல் சுடும்.
ஜனவரி.
ஹீட்டரில் ஒற்றைக் கம்பி சிவந்திருக்கிறது.
வீட்டுக்காரர் டோகஸ் மின்கட்டணம் கேட்டு
மேலே ஏறி வரும்வரை சிவந்திருக்கும்.

மடிக்கணினியில் சாந்தியாகோ.
ஒரு வரிக்கு நாற்பத்திரண்டு எழுத்து,
ஒரு வரிக்கு ஐந்து விநாடி.
வெள்ளிக்கிழமை சென்னையில் திரையிடல்.
அதற்குள் இந்த நாட்டைத்
திரையின் அடியில் இரண்டு வரியாக்கிவிட வேண்டும்.

எர்மீனியா என்றொருத்தி பேசுகிறாள்.
மார்பில் ஊக்குக் குத்திய மகன்,
கறுப்பு வெள்ளை, காது மூடிய முடி.
எழுபத்து நான்கு, ஆகஸ்ட்.
அவனுக்கு இருபத்திரண்டு.
அவளுக்கு இப்போது எண்பத்தொன்பது.
பார்த்தால் பேரன் என்றுதான் சொல்வார்கள்.

'என் மகன் காணாமல் போனான்'
என்று அடித்துவிட்டு
பின்னோட்டிக் கேட்டேன்.
அவள் அப்படிச் சொல்லவில்லை.

அவள் மொழியிலும் அந்த வினை
தயிர் புளிப்பதைப்போல, பனி விலகுவதைப்போலத்
தானாக நடப்பதுதான்.
அதைப் பிடித்து முறுக்கி
முன்னால் ஓர் எழுவாயைக் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார்கள்.
அவர்கள். அவர்கள் அவனை.
இலக்கணம் எழுதியவர் யாரும் இதற்கு அனுமதி தந்திருக்க மாட்டார்.

எட்டாம் வகுப்பில்
திருந்தினான், திருத்தினான் என்று எழுதி
முழு மதிப்பெண் வாங்கியவள் நான்.
என் 'போனான்' என்ற சொல்லுக்கோ கால் இருக்கிறது,
அது செருப்பை மாட்டிக்கொண்டு
தானே தாழ் திறந்து போகிறது.

படத்தில் ஒரு சுவர் வருகிறது.
'எங்கே இருக்கிறார்கள்?'
வெள்ளை அடித்திருக்கிறார்கள், இரண்டு கோட்டிங்.
அந்த மொழியில் கேள்விக்குறி வாக்கியத்துக்கு முன்பே
தலைகீழாக வந்து நின்றுவிடும்.
கன்னாட் பிளேஸ் வகுப்பில் அதைப் பார்த்து
வௌவால் என்று சிரித்திருக்கிறேன்.
வெள்ளைக்கு மேல் அதுமட்டும் கசிந்திருக்கிறது.

இங்கே ரிங் ரோடு மேம்பாலத் தூணில்
போன குளிர்காலம் ஒரு பெண் முகம் இருந்தது.
குடியரசு தினத்துக்கு முன் சாம்பல் வண்ணம் பூசினார்கள்.
மழை நாளில் 615ஆம் எண் பேருந்திலிருந்து பார்த்தால்
புருவம் தெரியும்.
சில நாள் தெரியாது.

கடைசியில் வேறு கூட்டம், வேறு வயது.
ஒரு கண்ணில் கட்டுப் போட்டவர்கள்.
சுவரொட்டி முகங்களுக்கும்
தளபதி சிலைக்கும்
ஒரு கண்ணில் மட்டும் சிவப்பு.
யாரும் பேசவில்லை, எனக்கு வேலையில்லை.
சும்மா பார்த்தேன்,
இரண்டு கண்ணால்.

சொல் என்னிடம் இருந்தது.
அகராதியில் கிடைத்ததல்ல.
வவுனியாவில், சாலையோரத் தகரப் பந்தலில்,
லேமினேட் செய்த படங்களைப் பிடித்தபடி
வருடக்கணக்காக உட்கார்ந்திருக்கும் பெண்கள்
தமிழை முறுக்கி எடுத்த சொல்.
காணாமல் ஆக்கப்பட்டோர்.
இரண்டு கடல் தள்டியிருந்தும்
இவளுக்கும் அவர்களுக்கும்
ஒரே இடத்தில் வினை உடைந்திருக்கிறது.

ஆனாலும் அந்தப் 'பட்ட'வுக்குப் பின்னால்
ஒருவர் ஒளிந்துகொள்ள இடமிருக்கிறது.
எர்மீனியா அதையும் தரவில்லை.
அழித்துவிட்டு அடிக்கிறேன்:

என் மகனைக் காணாமல் ஆக்கினார்கள்

இடைவெளி சேர்த்து இருபது எழுத்து.
மீதி இருபத்திரண்டு இடம் காலி.

கதவு தட்டப்படுகிறது.
எழுவாய் டோகஸ்தான், கையில் மீட்டர் நோட்டுடன்,
எனக்குத் தெரியும்.
தெரிந்தும்
எழுந்து போக
ஐந்து விநாடிக்கு மேல் ஆனது.